பெருந்தெருவும் பொலிசாரும்

அரசு என்பது யாது என்னும் வினாவுக்கு அரசியல் நூல்கள் பல விடைகளைக் கூறுகின்றன. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவிலே வாழும் சாதாரண மனிதன் ஒருவன் அரசை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் எது என்று கேட்போமாயின் விடை மிக எளியது. அது தெருவோரம். பின்னால் வரும் ரோந்து வண்டியின் சிவப்பு நீல விளக்குகள் சுழலத் தொடங்குகின்றன. சாரதி தன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துகிறான். இடுப்பிலே துப்பாக்கி தரித்த உத்தியோகத்தர் ஒருவர் இறங்கி வருகிறார். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு கோடித் தடவை அந்நாட்டிலே இந்நிகழ்ச்சி நடைபெறுகின்றது. பெரும்பாலானவை ஓர் எச்சரிக்கையுடனோ ஒரு தண்டச் சீட்டுடனோ முடிந்து விடுகின்றன. சில அவ்வாறு முடிவதில்லை.

இச்சந்திப்பிலே பாதுகாப்பு என்னும் சொல் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. வண்டியை எங்கே நிறுத்துவது, விளக்கை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கத்தால் நடந்து செல்வது என்பனவெல்லாம் பயிற்சிக் கல்லூரிகளிலே ஒரு கலையாகவே வளர்க்கப்பட்டுள்ளன. யாருடைய பாதுகாப்பு என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமாயின் அந்தத் தெருவோரம் எவ்வாறு உருவாயிற்று என்பதை நோக்குதல் அவசியமாகும்.

மோட்டார் வண்டி தோன்றுமுன்னரே பாதையில் மறித்தல் என்னும் வழக்கம் தோன்றிவிட்டது. அமெரிக்காவின் தென் பகுதிகளிலே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அடிமைகளைக் கண்காணிக்கும் ரோந்துக் குழுக்கள் இயங்கின. எசமானின் சீட்டின்றிப் பாதையிலே நடமாடும் கறுப்பினத்தவனை மறித்து விசாரிக்கவும் தண்டிக்கவும் அக்குழுக்களுக்கு அதிகாரமிருந்தது. வெள்ளை நிறத்து நடுத்தர வர்க்கத்தவனோ பொலிசாரின் கைபட வேண்டிய தேவையேயின்றி வாழ்நாளைக் கழித்துவிடக் கூடியவனாயிருந்தான். நகரப் பொலிசாரின் கவனம் குடிகாரர்கள், நாடோடிகள், வேலையற்றோர், வேலைநிறுத்தஞ் செய்வோர் ஆகியோர் மீதே பெரிதும் பதிந்திருந்தது.

இந்த நிலையை மாற்றியது மோட்டார் வண்டி. 1900ஆம் ஆண்டிலே அந்நாடு முழுவதிலும் பதிவு செய்யப்பட்டிருந்த வண்டிகள் ஏறத்தாழ 8,000. ஹென்றி போர்ட் தமது தொழிற்சாலையிலே நகரும் பொருத்து வரிசையை 1913இல் அமைத்தபின் விலை வீழ்ந்தது. 1930 அளவில் இரண்டு கோடியே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் தெருக்களிலே ஓடின. மருத்துவரும் வணிகரும் மதகுருவும் தெருவுக்கு வந்தனர். வேக எல்லை, விளக்கு, இலக்கத் தகடு, அநுமதிப்பத்திரம் என நூற்றுக்கணக்கான விதிகள் பிறந்தன. எவரும் மீறாது ஓட்ட முடியாத அளவுக்கு அவை பெருகின. எல்லோரும் குற்றவாளிகளாகிவிட்ட ஒரு நாட்டிலே எவரை நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பொலிஸ் உத்தியோகத்தரின் கையிலே சேர்ந்தது. சட்ட வரலாற்றாசிரியரான சாரா சியோ, பெருந்தெருப் பொலிஸ் பற்றி 2019இல் வெளியிட்ட நூலிலே, அமெரிக்கப் பொலிசாரின் விருப்புரிமை அதிகாரம் வளர்ந்த விதத்தை மோட்டார் வண்டியுடன் இணைத்தே விளக்குகிறார். சுதந்திரத்தின் சின்னமென விளம்பரங்கள் போற்றிய பொருளே கண்காணிப்பின் வாயிலாகவும் அமைந்தது என்பது அவருடைய ஆராய்ச்சியின் சாரம்.

மதுவிலக்குக் காலம் இந்த அதிகாரத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. 1921 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்திலே கிராண்ட் றப்பிட்ஸ் நகருக்கும் டெற்றோயிற் நகருக்கும் இடைப்பட்ட சாலையில், கரோல் என்பவரின் வண்டியை மதுவிலக்கு அதிகாரிகள் நிறுத்தினர். ஆசனத்தின் மெத்தையைக் கிழித்து உள்ளேயிருந்த மதுப் போத்தல்களை எடுத்தனர். தேடுதலுக்குரிய ஆணை எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. வீடு நின்ற இடத்திலே நிற்கும், வண்டியோ ஆணை வருமுன் ஓடிவிடும், ஆதலால் தக்க காரணமிருந்தால் ஆணையின்றியே வண்டியைச் சோதிக்கலாம் என 1925இல் தீர்ப்பளிக்கப்பட்டது. மதுவிலக்கு 1933இல் ஒழிந்தது. தீர்ப்பு ஒழியவில்லை. ஒரு காலத்துத் தேவைக்காகப் பொலிசாருக்கு வழங்கப்படும் அதிகாரம் அக்காலத்துடன் போய்விடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கறுப்பின மக்களுக்கு இப்பெருந்தெரு எத்தகையதாயிருந்தது? நியூயோர்க்கின் ஹாலெம் பகுதியில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிறீன் என்னும் தபால் ஊழியர் 1936ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு சிறு கைநூலை வெளியிட்டு வந்தார். கறுப்பினப் பிரயாணி எங்கே உண்ணலாம், எங்கே உறங்கலாம், எங்கே எரிபொருள் நிரப்பலாம் என்பதே அதன் பொருள். சூரியன் மறைந்தபின் கறுப்பினத்தவர் எவரும் தங்கக்கூடாதென விதித்த ஊர்கள் நிறைந்த நாட்டிலே அக்கைநூல் உயிர்காக்கும் நூலாயிற்று. முப்பது ஆண்டுகள் அது வெளிவந்தது. தெருவோரப் பாதுகாப்புப் பற்றி அமெரிக்காவிலே எழுதப்பட்ட நூல்களுள் தலைசிறந்தது அதுவே என்று நாம் துணிந்து கூறுவோம்.

மொன்ற்கொமெரி நகரின் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் 5ஆந் திகதி தொடங்கி 381 நாட்கள் பஸ் வண்டிகளைப் பகிஷ்கரித்த வரலாறு நம் வாசகர் அறிந்ததே. அதிலே அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. பஸ்ஸைக் கைவிட்ட தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரப் பெண்களையும் ஏற்றிச் செல்லச் சொந்த வண்டி வைத்திருந்தோர் முன்வந்தனர். நகர நிருவாகம் அவர்களை முறியடிக்கக் கையாண்ட ஆயுதம் போக்குவரத்துச் சட்டமாகும். இல்லாத குற்றங்களுக்கெல்லாம் தண்டச் சீட்டுகள் எழுதப்பட்டன. 1956 ஜனவரி 26இல் மார்ட்டின் லூதர் கிங் கைது செய்யப்பட்டதும் இவ்வாறே. மணிக்கு 25 மைல் எல்லையுள்ள இடத்தில் 30 மைல் வேகத்தில் ஓட்டினார் என்பது குற்றச்சாட்டு. ஐந்து மைல்! ஒரு மக்கள் இயக்கத்தின் தலைவரைச் சிறையிலடைக்க அது போதுமாயிருந்தது.

அடுத்த பத்தாண்டிலே தெருவோரம் தீப்பற்றியது. 1965 ஓகஸ்ட் 11ஆந் திகதி மாலை, லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியருகே, குடிபோதையில் ஓட்டினார் என்ற ஐயத்தின்பேரில் ஒரு கறுப்பின இளைஞரின் வண்டி நிறுத்தப்பட்டது. தாயார் வந்தார்; அயலவர் கூடினர்; கைகலப்பு மூண்டது. ஆறு நாட்களின் பின் 34 பேர் மாண்டிருந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றிருந்தனர். 1967 யூலையில் நியூவாக் நகரிலே டாக்சிச் சாரதி ஒருவர் நிறுத்தப்பட்டுத் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த கலவரத்தில் 26 பேர் இறந்தனர். வேலையின்மையும் குடியிருப்புக் கொடுமையும் நெடுங்காலமாய்க் குவிந்து கிடந்த இடங்கள் இவை. வெடிமருந்து அங்கே இருந்தது. நெருப்பை வைத்தது தெருவோரச் சந்திப்பு.

இனிப் பொலிசாரின் பக்கத்தையும் நேர்மையுடன் நோக்குவோம். 1970 ஏப்பிரல் 5ஆந் திகதி நள்ளிரவையொட்டி, கலிபோர்ணியாவின் நியூஹோல் என்னுமிடத்திலே, துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்கள் என்று முறையிடப்பட்ட இருவரின் வண்டியை நெடுஞ்சாலைப் பொலிசார் நிறுத்தினர். ஐந்து நிமிடத்துக்குள் நான்கு உத்தியோகத்தர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரேனும் 24 வயதைக் கடந்தவரல்லர். உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களிலிருந்து சீருடை அணிந்து வந்த இளைஞர்களின் சாவு அது. அதனை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. அச்சம்பவத்தின் பின்னர் பயிற்சி முறையே மாறியது. நிறுத்திய வண்டியை எவ்வாறு அணுகுவது, துணை வரும்வரை எவ்வாறு காத்திருப்பது என்பன மறுபடியும் எழுதப்பட்டன. ஆண்டுகள் செல்ல, ரோந்து வண்டியிலே ஒளிப்பதிவுக் கருவிகள் பொருத்தப்பட்டபின், மற்றொரு பாடமும் சேர்ந்தது. 1998 ஜனவரியில் ஜோர்ஜியா மாநிலத்திலே 22 வயதான உத்தியோகத்தர் ஒருவர் தாம் நிறுத்திய சாரதியினாலேயே சுடப்பட்டு மாண்ட காட்சி அக்கருவியிலே பதிவாகியிருந்தது. சுட்டவர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய முன்னாள் படைவீரர். அந்தப் படம் நாடெங்கும் பயிற்சி பெறுவோருக்குக் காட்டப்பட்டது. வேகங்குறைத்து ஓரங்கட்டும் ஒவ்வொரு சாரதியும் ஒரு கொலைகாரனாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை ஒரு தலைமுறை முழுவதும் உட்கொண்டது.

இந்த எண்ணம் சட்டமாக உருப்பெற்ற கதை பிலடெல்பியா நகரிலே தொடங்குகிறது. 1970இல் காலங்கடந்த இலக்கத் தகட்டுடன் வந்த ஒரு வண்டியைப் பொலிசார் இருவர் நிறுத்தினர். மிம்ஸ் என்ற அந்தச் சாரதியை வண்டியிலிருந்து இறங்குமாறு பணித்தனர். அவர்மீது எந்த ஐயமும் கொண்டு அவ்வாறு செய்யவில்லை. நிறுத்தப்படும் எவரையும் இறக்குவதே தம் வழக்கமென்று பின்னர் கூறினர். இறங்கியவரின் மேற்சட்டையின் கீழே புடைப்புத் தெரிந்தது. சோதித்தபோது கைத்துப்பாக்கி அகப்பட்டது. ஐயமெதுவுமின்றி ஒரு மனிதனைத் தெருவிலே இறக்கிவிடலாமா என்பதே 1977இல் உயர் நீதிமன்றத்தின் முன் நின்ற வினா.

ஆறு நீதியரசர் இறக்கலாம் என்றனர். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்கள் கவனிக்கத்தக்கவை. பொலிசார் சுடப்படும் நிகழ்ச்சிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது, வண்டியில் அமர்ந்திருப்பவரை அணுகும்போது நிகழ்கின்றன என்ற ஒரு பழைய ஆய்வு முதலாவது. சாரதியின் பக்கத்திலே நின்று பேசும் உத்தியோகத்தர்மீது விரைந்து செல்லும் வண்டிகள் மோதக்கூடும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் முன்னால், முறைப்படி நிறுத்தப்பட்டுவிட்ட ஒருவர் இறங்கி நிற்பது அற்பமான அசௌகரியமே என நீதிமன்றம் கருதியது.

மூவர் மறுத்தனர். அவர்களுள் நீதியரசர் ஸ்ரீவன்ஸ் எழுதிய மறுப்பு இன்று படிக்கும்போதும் கூர்மை குன்றாதது. எடுத்துக்காட்டப்பட்ட ஆய்வு சாதாரணப் போக்குவரத்து நிறுத்தங்களைப் பற்றியதென்று கூறுவதற்கில்லை என அவர் சுட்டினார். சாரதியை வண்டிக்குள்ளேயே இருக்கச் செய்வதுதான் பாதுகாப்பு என்று போதிப்போரும் உளர் என்றார். இந்த அதிகாரம் எல்லோர் மீதும் ஒரே வகையாகப் பாயாது; விலையுயர்ந்த வண்டி வைத்திருப்பவனும் தோலின் நிறம் வேறானவனும் இச்சிறு அவமதிப்பிலிருந்து தப்பிவிடக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. வர்க்கத்தையும் நிறத்தையும் ஒரே வாக்கியத்திலே வைத்துப் பேசும் நீதிமன்றக் குறிப்புகளை நாம் அடிக்கடி காண்பதில்லை.

1997இல் இவ்விதி பிரயாணிகளுக்கும் விரிக்கப்பட்டது. போக்குவரத்து நிறுத்தங்களிலும் துரத்தல்களிலும் 1994ஆம் ஆண்டில் மாத்திரம் 5,762 பொலிசார் தாக்கப்பட்டனர், 11 பேர் கொல்லப்பட்டனர் என்பதை நீதிமன்றம் அப்போது எடுத்துக்காட்டியது. எத்தனை கோடி நிறுத்தங்களுக்கு இத்தொகை என்பதை அது கேட்கவில்லை. நிறுத்தப்பட்டோருள் எத்தனை பேர் பொலிசாரால் தாக்கப்பட்டனர் என்பதையும் தராசிலே வைக்கவில்லை.

அக்கேள்வியைக் கேட்டு விடை கண்டவர் ஜோர்டன் வூட்ஸ் என்ற சட்டப் பேராசிரியர். புளோரிடா மாநிலத்தின் இருநூறுக்கு மேற்பட்ட பொலிஸ் நிலையங்களின் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, சாதாரணப் போக்குவரத்து நிறுத்தத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்படுவது 65 இலட்சம் நிறுத்தங்களுக்கு ஒரு முறை. பாரிய காயம் விளைவது 3,61,111 நிறுத்தங்களுக்கு ஒரு முறை. ஆபத்து இல்லை என்று இக்கணக்கு கூறவில்லை. ஆபத்தைப் பற்றிய கற்பனை, ஆபத்தைவிடப் பன்மடங்கு பெரிதாக வளர்க்கப்பட்டுள்ளது என்பதையே அது காட்டுகிறது. 2021இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை நடத்திய ஆய்வோ மறுபக்கத்தை எண்ணியது. ஐந்தாண்டுகளுக்குள், துப்பாக்கியோ கத்தியோ ஏந்தாத, வன்குற்றம் எதற்காகவும் துரத்தப்படாத சாரதிகளும் பிரயாணிகளுமாக 400க்கு மேற்பட்டோர் பொலிசாரால் கொல்லப்பட்டிருந்தனர்.

விரைந்து செல்லும் வண்டிகளாலுண்டாகும் ஆபத்து உண்மையானது. தெருவோரத்திலே நிற்கும் பொலிசாரும் மருத்துவ வண்டி ஊழியரும் பழுதடைந்த வண்டிகளை இழுத்துச் செல்லும் தொழிலாளரும் அதனால் ஆண்டுதோறும் மடிகின்றனர். இதற்குப் பரிகாரம் தேடியவர் தென் கரோலினாவைச் சேர்ந்த மருத்துவ உதவியாளர் ஒருவர். 1994இல் கடமையிலிருந்தபோது வண்டி மோதிக் காயமுற்ற அவர்மீதே பொலிஸ் அறிக்கை பிழை சுமத்தியது. அவர் விடாது முயன்றதன் பயனாக, விளக்கெரிய நிற்கும் அவசர வண்டியைக் கண்டால் வேகங்குறைத்து அடுத்த தடத்துக்கு விலகிச் செல்ல வேண்டுமென்ற சட்டத்தை அம்மாநிலம் 1996இல் இயற்றியது. 2012க்குள் ஐம்பது மாநிலங்களும் அத்தகைய சட்டத்தை ஏற்றுக்கொண்டன. சாரதியின் பக்கத்தை விட்டு மறுபக்கக் கதவருகே சென்று பேசும் முறையும் பல இடங்களிலே பயிற்றப்படுகிறது. எவரையும் அவமதியாமல், எவரையும் மிரட்டாமல் உயிர்காக்கும் வழிகள் இவை. ஆபத்து இன்னது என்று சரியாக அறிந்தால் பரிகாரமும் எளிதாகிவிடுகிறது.

ஆனால் நிறுத்தத்தின் நோக்கம் வேறாயிருக்கும்போது கதையும் வேறாகிறது. 1984இல் போதைப்பொருள் தடுப்புப் பிரிவினர் நெடுஞ்சாலைப் பொலிசாருக்கென ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். சிறு போக்குவரத்துக் குற்றத்தைச் சாட்டாக வைத்து நிறுத்திப் போதைப்பொருள் தேடும் முறை நாடெங்கும் பரவியது. உயர் நீதிமன்றம் 1996இல் இதற்கும் ஒப்புதல் அளித்தது. தலைநகர் வாஷிங்டனிலே நிறுத்தற் பலகையின் முன் இருபது விநாடிக்கு மேலாக நின்ற ஒரு வண்டியைச் சாதாரண உடையிலிருந்த பொலிசார் பிடித்து, போதைப்பொருளைக் கைப்பற்றினர். குற்றம் ஏதேனும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், உத்தியோகத்தரின் உள்ளத்திலிருந்த உண்மை நோக்கம் யாதென ஆராய வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. எவரும் மீறாது ஓட்ட முடியாத விதிகளைப் பற்றி மேலே கூறினோம். அதனுடன் இத்தீர்ப்பைச் சேர்த்துப் பார்ப்பவர், எவரையும் எப்பொழுதும் நிறுத்தலாம் என்ற முடிவுக்கே வருவர். நியூ ஜேர்சி நெடுஞ்சாலையின் ஒரு பகுதியிலே நடத்திய கணக்கெடுப்பில், கறுப்பினத்தவர் சென்ற வண்டிகள் நூற்றுக்கு 13.5, நிறுத்தப்பட்டோருள் கறுப்பினத்தவரோ நூற்றுக்கு 35. ‘கறுப்பனாய் வண்டியோட்டிய குற்றம்’ என அம்மக்கள் கசப்புடன் சொல்லும் வேடிக்கை மொழி வெறும் வேடிக்கையன்று.

பணமும் ஒரு நோக்கமாகும். மிசூரி மாநிலத்தின் பேர்குசன் நகரைப்பற்றி மத்திய நீதித் திணைக்களம் 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தோர், நிலமானிய காலத்து வரி வசூலிப்பு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. செல்வர்மீது வரி விதிக்க மனமில்லாத நகர நிருவாகம், வறியோரின் தண்டப்பணத்தை வருவாய்த் துறையாக்கியிருந்தது. கறுப்பினத்தவர் குடித்தொகையில் நூற்றுக்கு 67 ஆக இருக்க, நிறுத்தப்பட்ட வண்டிகளிலே அவர்களுடையவை நூற்றுக்கு 85. தண்டம் கட்ட முடியாதவர்மீது பிடியாணை. பிடியாணைக்கு மேலும் தண்டம். ஏறத்தாழ 21,000 பேர் வாழும் நகரிலே 2014 டிசம்பரில் 16,000க்கு மேற்பட்டோர்மீது பிடியாணைகள் நிலுவையிலிருந்தன. அத்தகைய ஊரிலே பின்னால் விளக்குச் சுழல்வதைக் காணும் ஏழைச் சாரதியின் நெஞ்சம் ஏன் பதைக்கிறது, அவன் ஏன் ஓட நினைக்கிறான் என்பதைப் பயிற்சிப் படங்கள் கூறுவதில்லை.

பிலாண்டோ கஸ்ரில் ஓடவில்லை. மினசோட்டாவின் செயின்ற் போல் நகரப் பாடசாலை ஒன்றின் சிற்றுண்டிச்சாலையிலே பணிபுரிந்தவர் அவர். மதிய உணவுக்குக் காசில்லாத பிள்ளைகளுக்குத் தம் பையிலிருந்து கொடுத்தவர் என உடன் பணியாற்றியோர் நினைவுகூர்ந்தனர். 2016 யூலை 6ஆந் திகதிக்கு முன்னர் சில்லறைக் காரணங்களுக்காக 46 முறையேனும் பொலிசாரால் நிறுத்தப்பட்டவர். அன்று மாலையும் நிறுத்தப்பட்டார். தம்மிடம் அநுமதி பெற்ற துப்பாக்கி உண்டென்பதைப் பணிவாகவே முன்கூட்டி அறிவித்தார். சில விநாடிகளிலே சுடப்பட்டார். அதே வண்டியில் அவருடைய தோழியும் அவளுடைய நான்கு வயதுச் சிறுமியும் இருந்தனர். 2017இல் சுட்ட உத்தியோகத்தரை ஜூரிமார் விடுவித்தனர். பணிவும் உண்மையும் பாதுகாப்புத் தரும் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் ஆசிரியர் எவரும் இந்நிகழ்ச்சியை அமைதியாகப் படித்துவிட முடியாது.

2016 ஒக்ரோபர் 20ஆந் திகதி இரவு, நம் கொக்குவில் குளப்பிட்டியிலே மோட்டார்ச் சைக்கிளில் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். முதலில் விபத்தென்று சொல்லப்பட்டது. மரண பரிசோதனையிலே துப்பாக்கிக் காயம் வெளிப்பட்டது. பொலிசார் ஐவர் கைதாயினர். அமெரிக்க வரலாறு வேறு, நம் வரலாறு வேறு என்பதை நாம் அறிவோம். போர்க்காலச் சோதனைச் சாவடிகளின் நீண்ட நிழல் நம் தெருக்களில் விழுந்து கிடக்கிறது. அதைத் தனியே எழுத வேண்டும். எனினும் தூர தேசத்துச் செய்தியாக மாத்திரம் இக்கட்டுரையைப் படிக்க நம் மாணவரால் இயலாது என்பதற்காகவே இதனைக் குறித்தோம்.

அமெரிக்கப் பள்ளிக்கூடம் இந்நிலைமையை எவ்வாறு எதிர்கொண்டது என்பது ஆசிரியராகிய நமக்குச் சிறப்பாக உரியது. ரெக்ஸாஸ் மாநிலத்திலே 2015 யூலை 10இல், தடம் மாறும்போது சமிக்ஞை காட்டவில்லை என்று சான்ட்ரா பிளான்ட் என்ற பெண் நிறுத்தப்பட்டார். சிகரெட்டை அணைக்கச் சொன்னதிலிருந்து வாக்குவாதம் வளர்ந்தது. மூன்று நாட்களின் பின் சிறைக்கூடத்திலே அவர் இறந்து கிடந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அம்மாநிலம் இயற்றிய சட்டங்களுள் ஒன்று, ஒன்பதாம் வகுப்பு முதற்கொண்டு மாணவர் ஒவ்வொருவரும் பொலிசார் நிறுத்தும்போது எவ்வாறு நடந்துகொள்வது என்பதைப் பள்ளியிலே கற்கவேண்டுமென விதித்தது. பொலிசாருக்கும் அதற்கிணையான பயிற்சி உண்டென்பதைச் சொல்லியாக வேண்டும். ஆயினும் கைகளைச் சுக்கான் வளையத்தின்மேல் வை, திடீரென அசையாதே, குரலை உயர்த்தாதே என்ற இப்பாடங்களைக் கறுப்பினத் தாய்மார் தலைமுறை தலைமுறையாகத் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலே சொல்லி வந்துள்ளனர். துப்பாக்கியும் சம்பளமும் பயிற்சியும் பெற்ற முதிர்ந்த மனிதன் பதற்றமடையலாம். பதினாறு வயதுப் பிள்ளை பதற்றமடையலாகாது. வகுப்பறையிலே இப்பாடத்தை நடத்தும் ஆசிரியரின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கிறோம். பிள்ளையின் உயிர் முக்கியம். ஆகவே அவர் அதனைக் கற்பிக்கத்தான் வேண்டும்.

மாற்றம் தேடும் முயற்சிகளும் இல்லாமலில்லை. காலங்கடந்த இலக்கத் தகட்டுக்காக மிம்ஸ் நிறுத்தப்பட்ட அதே பிலடெல்பியா, பதிவு சிறிது காலந்தாழ்த்தல், ஒற்றை விளக்கு எரியாமை போன்ற எட்டுச் சிறு குற்றங்களுக்காக மாத்திரம் வண்டியை நிறுத்தக்கூடாதென்ற நகரச் சட்டத்தை 2021இல் இயற்றி அடுத்த ஆண்டு நடைமுறைப்படுத்தியது. அந்நாட்டின் பெருநகரங்களுள் இவ்வாறு செய்தது அதுவே முதலாவது. மெம்பிஸ் நகரிலோ வேறு கதை. 2023 ஜனவரி 7இல் டயர் நிக்கல்ஸ் என்ற கறுப்பின இளைஞர் நிறுத்தப்பட்டுப் பொலிசாரால் அடிக்கப்பட்டு மூன்றாம் நாள் இறந்தார். குற்றஞ்சாட்டப்பட்டுப் பணிநீக்கம் பெற்ற அந்த ஐந்து பொலிசாரும் கறுப்பினத்தவரே. உத்தியோகத்தரின் நிறத்தை மாற்றினால் நிறுவனத்தின் குணம் மாறிவிடும் என நம்பியோருக்கு இது பேரதிர்ச்சியாயிற்று. நமக்கு அத்துணை வியப்பில்லை. சில மாதங்களில் நகர சபை சாட்டு நிறுத்தங்களைத் தடை செய்தது. 2024 மார்ச்சில் ரெனசீ மாநிலச் சட்டமன்றம் அத்தடையையே செல்லாததாக்கிவிட்டது.

உயர் நீதிமன்றமும் 2025 மே மாதத்தில் இப்பொருளை மறுபடியும் எடுத்துக்கொண்டது. 2016 ஏப்பிரலில் ஹியூஸ்ரன் நகரருகே, செலுத்தப்படாத வீதிச் சுங்கத்துக்காக ஒரு வாடகை வண்டி நிறுத்தப்பட்டது. வாய்ப்பேச்சுக்குப் பின் வண்டி நகரத் தொடங்கியதும் உத்தியோகத்தர் அதன் கதவோரத்திலே தாவியேறி இரு முறை சுட்டார். பார்ன்ஸ் என்ற அந்த இளைஞர் ஆசனத்திலேயே இறந்தார். கீழ் நீதிமன்றங்கள் வண்டியிலே தொங்கிய அந்த இரண்டு விநாடிகளை மாத்திரம் நோக்கி, உத்தியோகத்தரின் உயிருக்கு அப்போது ஆபத்திருந்தது எனக் கூறி வழக்கைத் தள்ளின. தாவி ஏறியவர் யார் என்பதை அவை கணக்கிலெடுக்கவில்லை. முன் நிகழ்ந்தவை அனைத்தையும் சேர்த்தே நோக்க வேண்டுமென உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது. அதனுடன் இணங்கிய நீதியரசர் நால்வர், தெருவோரத்திலே பொலிசாருக்குள்ள ஆபத்துகளை விரித்துரைக்கத் தனிக் குறிப்பொன்றையும் எழுதினர். மகனை இழந்த தாய் தொடுத்த அவ்வழக்கு, அவன் இறந்து ஒன்பது ஆண்டுகளின் பின், தொடக்கத்திலிருந்து விசாரிக்கப்படுவதற்காகக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.